பெயரை மிதிக்கலாம்

சனிக்கிழமை, காலை ஆறு மணி. சென்னை சென்ட்ரலில் ரயில் நகரத் தொடங்கியபோது அண்ணன் போனில் மூன்றாவது தடவையாக அதையே சொன்னார். கல் முழுசாகப் படத்தில் வரவேண்டும். மேலே பெயர், கீழே வசனம். பாதியில் வெட்டிவிடக் கூடாது. நான் படம் எடுத்தால் ஆளுக்குத் தலை இருக்காது என்பது எங்கள் வீட்டில் பல வருஷமாக ஓடுகிற கேலி. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அண்ணனுக்குத் திங்கட்கிழமை இதய அறுவை சிகிச்சை. வயது அறுபத்தெட்டு. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார், அண்ணன் நம்பவில்லை. போன வாரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தருமபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அவர் கட்டிக்கொடுத்த ஜெபவீட்டின் சுற்றுச்சுவரில், அவர் பெயர் வெட்டிய கறுப்புக் கல் பதித்திருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முன்னால் அதை ஒரு தடவை பார்க்கவேண்டுமாம். "என் பேருன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான் எஸ்தரு" என்றார். அண்ணன் கெஞ்சி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் அவருக்குக் கல் குவாரி இருந்தது, இரண்டு லாரி இருந்தது, பொம்மிடிக்கும் அரூருக்கும் நடுவே ஓடிய பஸ் ஒன்று இருந்தது. பஸ்ஸின் நெற்றியில் ஜி.ஆர். என்று அவர் பெயரின் முதலெழுத்துகள் விளக்குப் போட்டு மின்னும். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் சேலத்து வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு குவாரியின் குத்தகை கைவிட்டுப் போயிற்று. லாரி, பஸ், வீடு எல்லாம் வரிசையாக அதன் பின்னாலேயே போயின. இப்போது அம்பத்தூரில் மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். தபால்காரர் அவரை 'மாடி போர்ஷன் பெரியவர்' என்றுதான் சொல்கிறார்.

நான் அந்தக் கிராமத்துக்குப் போனதே இல்லை. திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. அப்போது வங்கியில் கணக்கு முடிக்கிற மாதம், லீவு கிடைக்கவில்லை. எதிர் இருக்கையில் சேலத்துக்குப் போகிற துணி வியாபாரி ஒருவர் இருந்தார். விவரம் கேட்டுவிட்டு, ஒரு கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றார். முந்நூறு கிலோமீட்டர் இருக்கும். ஊட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பத்தேகாலுக்கு மொரப்பூர். நடைமேடையில் இறங்கியதும் வெயில் தோளில் கை வைத்தது. இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று நடத்துனர் கிழித்துக் கொடுத்த சீட்டை, அறுபது வயதுக்கு மேல் கிடைத்த மரியாதையாக நினைத்து பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் மரவள்ளி, அந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்குக் காடு. பிடுங்கிய கிழங்கைச் சாலையோரம் மலை மாதிரி குவித்திருந்தார்கள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போகிற லாரிகள் அதை அள்ளிக்கொண்டிருந்தன. பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கியபோது சித்தேரி மலை ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது.

அங்கிருந்து கிராமம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பாஷா நூற்றைம்பது ரூபாய் கேட்டார், நூற்றிருபதுக்குப் படிந்தது. எந்த ஜெபவீடு என்றார். கல் குவாரி முதலாளி கட்டிக்கொடுத்தது என்றேன்.

"கல்லு ஓனரா? தங்கமான மனுசருங்க. அவுரு மவுத்தாயி நாலஞ்சு வருசம் ஆவுதே."

இறந்துவிட்டார் என்கிறார். காலையில் ஆறு மணிக்கு என்னோடு பேசியவர் யார்? அவர் என் கூடப்பிறந்த அண்ணன், உயிரோடு இருக்கிறார் என்றேன். பாஷா ஆட்டோவை ஒரு புளியமரத்தடியில் ஓரம்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஒரு நாள் பஸ்ஸில் ஜி.ஆர். என்பதை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தார்களாம். இந்தப் பக்கத்தில் ஓடுகிற வண்டியில் ஆள் இருக்கும்போது பெயரை மாற்றமாட்டார்கள். பெயரை அழித்துவிட்டார்கள் என்றால் ஆள் போய்விட்டார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளுமாம். விற்றிருக்கலாமே என்று கேட்டேன். ஓனர் பஸ்ஸை விற்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை என்றார். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்: சேலம் சாலையின் மேலேயே ஆளுயரச் சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, வலது தூணில் கல். அங்கே சுவர் இல்லை. கதவும் தூணும் இல்லை. சாலையை அகலப்படுத்தியதில் எல்லாம் போயிருந்தது. ஜெபவீட்டுக்குமே முன்பாதி இல்லை. மிச்சமிருந்த பின்பாதிக்குப் பூசாத செங்கல் சுவர் ஒன்றை முகமாக வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு கேக்கை நடுவில் வெட்டி வைத்தது போல இருந்தது. லாரிகள் வாசலை உரசிக்கொண்டு போயின. அப்படியே நின்றுவிட்டேன். பாஷா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பணத்தைக்கூடக் கேட்காமல் காத்திருந்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து சாவியோடு ஒரு பெண் வந்தாள். பெயர் ராணி, நாற்பது வயது இருக்கும், சேகோ ஆலையில் கிழங்கு உரிக்கிற வேலை. போதகர் ஆறு ஊர்களுக்குப் பொதுவானவர் என்பதால் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவாராம். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துவது இவள்தான். நான் குவாரி ஓனரின் தங்கை, கல்லைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. கல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் பட்டது.

உள்ளே போவதற்கு முன் கால் கழுவவேண்டும் என்றாள். காட்டு வேலையிலிருந்து நேராக ஜெபத்துக்கு வருகிறவர்கள் என்பதால் அங்கே அது வழக்கம். பக்கவாட்டில் ஒரு போர்வெல் குழாய், அதன் கீழே சேற்றின் நடுவே நீளமான ஒரு கல். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று சாவகாசமாகக் கால் கழுவினேன். ரயில் அழுக்குப் போகட்டும் என்று ஒரு குதிகாலை இன்னொரு பாதத்தால் தேய்க்கவும் செய்தேன்.

உள்ளே அரையிருட்டு. பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவரில் கறுப்புக் கல் பளபளத்தது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். கிட்டே போனேன். வசனம் மட்டும் இருந்தது. கல்லின் மேல்விளிம்பு மிஷின் வைத்து அறுத்தது போல நேராக, கூர்மையாக இருந்தது. பெயர் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மேல்பாதி எங்கே என்று கேட்டேன்.

"இப்ப நின்னு கால் கழுவுனீங்களேக்கா, அதுதாங்க."

வெளியே ஓடினேன். குனிந்து ஈரத்தைக் கையால் வழித்தேன். சேறு அடைத்துக்கொண்டிருந்த பள்ளங்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. கல்வி வள்ளல். சமூகச் செம்மல். கொடைச் சிகரம். அதற்குக் கீழே, குழாயின் சிமெண்டு மேடைக்குள் பாதி புதைந்து, ஞானராஜ். என் கால் தண்ணீர் அதன்மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என்ன சொன்னேன் என்பதை முழுக்க எழுத வெட்கமாக இருக்கிறது. நன்றி கெட்டவர்கள் என்றேன். சோறு போட்ட ஆளை மிதிக்கிறீர்களா என்றேன். ராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, திமிரும் இல்லை. நான் எதற்குக் கத்துகிறேன் என்பதே அவளுக்குப் புரியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"வசனத்த மிதிக்கக் கூடாதுங்கக்கா. அதான் அத அறுத்து எடுத்து உள்ள வெச்சோம். பேர மிதிக்கலாமில்ல?"

அவள் சொன்ன கதை இதுதான். சாலைக்காரர்கள் சுவரை இடித்தபோது கல்லை மட்டும் ஆறு பேர் கயிறு கட்டி இறக்கிக் காப்பாற்றினார்கள். மிச்சமிருந்த கட்டடத்தில் அவ்வளவு உயரக் கல்லைத் தாங்குகிற சுவர் இல்லை. தரையில் கிடத்தினார்கள். வசனம் தரையில் கிடக்கிறதே என்று சபையில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அங்கே வசனம் எழுதியது எதையும் கீழே போடமாட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து நாலைந்து சாக்கு மூட்டைகள் தொங்கின. விதை நெல் என்று நினைத்திருந்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் அச்சடித்திருப்பதால் குப்பையில் போடாமல் வருஷக்கணக்காகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியில் பொம்மிடியிலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து கல்லை இரண்டாக அறுத்தார்கள். கீழ்ப்பாதி சுவருக்குப் போயிற்று. மேல்பாதி ஆடு கட்டுகிற இடத்தில் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ராணியின் மாமியார் குழாயடிச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதன்பின் கல்லை அங்கே தூக்கிப் போட்டார்கள்.

குறைந்தபட்சம் எழுத்தைக் கீழே குப்புறப் போட்டிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

"மொதல்ல அப்படித்தாங்க போட்டோம். பாலீஷ் கல்லு, தண்ணி பட்டா கால் நிக்கல. திருப்பிப் போட்டப்பறம் எழுத்துல பாதம் பிடிச்சுக்குது. நெறைய எழுத்துங்க இருக்குதில்ல, இதுவரைக்கும் ஒருத்தரும் விழுகல."

அண்ணன் ஒரு பட்டத்தையும் விடாமல் வெட்டச் சொல்லியிருந்தார். அதில் இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அவரோ கல்வெட்டுக்காரரோ கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். குழாய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் போகிறார், அதற்குள் இந்தக் கல்லைப் பார்க்கவேண்டும் என்று காத்திருக்கிறார் என்று சொன்னேன்.

இப்போது அதிர்ச்சியடைவது ராணியின் முறை. ஓனர் உயிரோடு இருக்கிறாரா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். பஸ்ஸில் பெயர் அழிந்த மாதமே அவர் ஆத்துமாவுக்காகக் கூட்டம் கூடி, ஜெபித்து, காபியும் காராசேவும் கொடுத்து முடித்துவிட்டார்களாம். அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். இரண்டு ஆண்கள் கடப்பாறையோடு வந்தார்கள். கல்லைப் பெயர்த்துக் கழுவி, செங்கல் சுவரில் சாய்த்து நிறுத்திவிடலாம். ஒரு மாலை வாங்கிப் போடலாம். பாஷா ஆட்டோவில் போய்ப் பூ வாங்கி வருகிறேன் என்றார். அண்ணனுக்கு ஒரு நல்ல படம் போய்விடும், மற்றதை எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். கீழ்ப்பாதி எங்கே என்று கேட்டால் மாலை மறைக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

கடப்பாறையின் முனை கல்லுக்கு அடியில் நுழைந்த நேரத்தில் போன் அடித்தது. அண்ணன். காலை முதல் பொறுத்தது போதும் என்று வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். ஈரக்கையில் எதையோ அழுத்தினேன், படம் வந்துவிட்டது. அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என் போனின் கேமரா எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. சேறு, குழாய், கடப்பாறை, கல்வி வள்ளல்.

"அது என் கல்லா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். சாலை, அறுத்தது, சேறு, மாமியாரின் இடுப்பு, ஆத்தும ஜெபம், காராசேவு. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் அசைவே இல்லை. இருதய நோயாளியிடம் இதை எல்லாம் சொல்லலாமா என்று புத்தி உறைத்தபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். ராணி எட்டிப் பார்த்துக் கும்பிட்டாள். மன்னிச்சிருங்க ஐயா, இப்பவே எடுத்துடறோம் என்றாள். அண்ணன் அவளைப் பார்த்து, எடுத்தால் மறுபடி அங்கே என்ன போடுவீர்கள் என்று கேட்டார். எடுக்கவேண்டாம் என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி அன்றைய எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"கீழ என்ன வசனம்மா போட்டிருக்கு?"

அவருக்குத் தெரியாது. பெயரையும் பட்டங்களையும் தாளில் எழுதிக் கொடுத்தவர் அவர். கல்லின் அடியில் இடம் மிஞ்சியதால் அன்றைக்கு இருந்த போதகர் ஒரு வசனம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம், இவர் சரி என்றாராம். திறப்பு விழாவன்று கீழ்ப்பாதி முழுக்க மாலை. அதன்பின் காரில் போகும்போதெல்லாம் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். இவ்வளவு வருஷத்தில் ஒருநாள்கூடக் கீழே படிக்கவில்லை.

போய்ப் படித்துக் காட்டு என்றார். குழாயடிக்கும் வாசலுக்கும் நடுவே கணுக்கால் சேறு. போவதற்கு அந்தக் கல் ஒன்றுதான் வழி. நான் நின்றேன். தெரியாமல் மிதித்தது ஒன்று, தெரிந்து மிதிப்பது வேறு. என்னை ஒன்றாம் வகுப்புக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர், என் கல்யாணத்துக்குத் தன் மோதிரத்தை விற்றவர். அண்ணன் போனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதிச்சுட்டுப் போ எஸ்தரு. வழுக்காதுன்னு சொல்றாங்கள்ல."

போனேன். உண்மைதான், வழுக்கவில்லை. எழுத்துகளின் விளிம்பு பாதத்தில் நன்றாகத் தெரிந்தது. அழுதுகொண்டேதான் உள்ளே போனேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

சுவரில் இருந்ததை வாசித்தேன். மனுஷன் புல்லுக்கும் அவன் மகிமை புல்லில் பூக்கிற பூவுக்கும் ஒப்பு, புல் வாடும், பூ விழும், கர்த்தருடைய வார்த்தை மட்டும் என்றென்றைக்கும் நிற்கும் என்கிற பொருள் கொண்ட வசனம். ஞாயிறு பள்ளியில் நாங்கள் இருவரும் ஒப்பித்ததுதான். சாவு வீட்டில் எத்தனையோ தடவை கேட்டதுதான். இன்னொரு தடவை வாசி என்றார் அண்ணன். வாசித்தேன். அவர் பெயருக்கு நேர்கீழே, அவர் குவாரியில் எடுத்த கல்லில், அவர் காசில் வெட்டியது. அத்தனை நாளும் அது அங்கேயே நின்றுகொண்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் ஒன்றும் வேண்டாம், பத்திரமாக வந்து சேர் என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு ராணி வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஓனர் வூட்டு ஆளுங்க திட்டாம வேற யாரு திட்டுவாங்க என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சென்னையில் என் அடுக்ககத்தில் பித்தளையில் பெயர்ப்பலகை வைப்பதற்கு ஆறு மாதமாகக் குடியிருப்போர் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சாப்பிட்டேன்.

நான்கு மணி பஸ்ஸுக்கு ராணி கூடவே நிறுத்தத்துக்கு வந்தாள். நாளை ஞாயிறு, திங்கட்கிழமை ஆபரேஷனுக்காக ஆராதனையில் எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஜெபத்துல ஆளு பேரச் சொல்லணுங்கக்கா. போன தடவ ஓனருன்னு மட்டும் சொல்லி முடிச்சுட்டோம். ஓனரு பேரு என்னாங்க?"

அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் இரண்டு வேளை அந்த எழுத்துகளின்மேல் கால் ஊன்றித் தண்ணீர் பிடிக்கிறவள். சுவரில் இருக்கிற வசனத்தைப் பார்க்காமலே கடகடவென்று சொல்கிறவள். கல்லில் இருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன். சேறு ஏறிக் கிடக்கிறது, யார் குனிந்து படிக்கிறார்கள் என்று வெகுளியாகச் சிரித்தாள்.

ஞானராஜ் என்றேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. ராணி அதைக் கவனிக்காமல், மறந்துவிடக் கூடாதே என்று, ஞானராஜ், ஞானராஜ் என வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.